சத்திரத்து உத்திரம்

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் ரோட்டோரம் முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது அந்தப் பழைய சத்திரம். தலைமையாசிரியை ராஜாமணி பன்னிரண்டு வருஷமாக அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். எண்பத்து நாலாம் வருஷ மழையில் பள்ளியின் கீற்றுக் கொட்டகை சரிந்தபோதும் அவளுக்குச் சத்திரத்தின் ஞாபகமே வரவில்லை. புதுக் கட்டடம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

உதவி ஆசிரியை இருதயமேரிக்குத்தான் தோன்றியது. வேலைக்கு வந்து இரண்டே வருஷம். சத்திரத்துக்காரர் சீனுவாசன் வீட்டுக்கு நேரே போய்ச் சாவியை வாங்கிவந்துவிட்டாள். ஊரே திரண்டு வௌவால் எச்சத்தை வழித்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. வழிப்போக்கர்கள் படுத்த கூடத்தில் மூன்று வகுப்புகள், சமையல்கட்டில் சத்துணவு, சாயங்காலம் பெண்களுக்குத் தையல்.

“மேரி டீச்சர் பள்ளிக்கூடம் எறங்கு!” என்று பஸ் கண்டக்டர் கத்திய அன்று ராஜாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

பெயர் போடாமல் விழுப்புரம் கல்வி ஆபீசுக்கு எழுதினாள்: ‘உத்திரங்கள் உளுத்துவிட்டன. பிள்ளைகள் உயிருக்கு ஆபத்து.’ அந்த உத்திரங்களை அவள் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

கடிதத்தோடு வந்தார் என்ஜினியர் வேங்கடேசன். ஏணி போட்டு ஏறி, உளியால் குத்திப் பார்த்தார். முதல் இரண்டும் இரும்பாக இருந்தன. மூன்றாம் வகுப்புக்கு மேலிருந்த உத்திரத்தில் உளி பிடிவரை இறங்கியது. மண்ணும் கரையானுமாகக் கொட்டிற்று.

“அடுத்த மழைக்குத் தாங்கியிருக்காதும்மா. எழுதினவங்க யாரோ, நல்லா இருக்கணும்” என்று கடிதத்தை மேரியிடம் நீட்டினார். அவள் படித்து, மடித்து, திருப்பிக் கொடுத்தாள்.

உத்திரம் மாற்றும்வரை கூடத்தைப் பூட்டச் சொன்னார். ராஜாமணிக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அடுத்த கணம், அந்த உத்திரத்துக்குக் கீழே வரிசையாகக் கிடந்த சிலேட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

அவர் போனபின் மேரியிடம் வந்தாள்.

“மேரி, அந்த லெட்டர்...”

“தெரியும் டீச்சர். தெனம் ரிஜிஸ்டர்ல உங்க எழுத்தைப் பாத்துக்கினுதானே இருக்கேன்.”

“கோவம் இல்லியா?”

“படிச்சப்ப வந்துச்சு. அப்புறம் அந்தக் கட்டையைப் பாத்தேன். எழுதினது நீங்கதான்னு ஊர்ல சொல்லட்டுமா? நல்லதுதானே பண்ணியிருக்கீங்க.”

குத்திக்காட்டுகிறாளா என்று ராஜாமணி அவள் முகத்தில் தேடினாள். அப்படி எதுவும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. தன்னால் ஒருநாளும் இப்படிக் கேட்டிருக்க முடியாது.

“வாணாம்” என்றாள்.

மேரி கரும்பலகையை வேப்பமரத்தடிக்குத் தூக்கினாள். எரிச்சல் அடங்காமலே, ராஜாமணி போய் மறுமுனையைப் பிடித்தாள்.