அடி முகத்தில் போட்ட அம்பு

லாரி எஞ்சினுக்குப் போகும் கனெக்டிங் ராடு அது. அதை அடித்து உருவாக்கும் அச்சுகளான மேல் டையும் கீழ் டையும் நேராக உட்காராவிட்டால், துண்டின் மேல் பாதி ஒருபக்கமாக நகர்ந்து நிற்கும். அந்த நகர்வை அளப்பது கௌசிகாவின் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டி மெஷினில் அடிப்பவன் அவள் புருஷன் ஜெபகுமார். கல்யாணமாகி ஆந்திர எல்லையிலுள்ள தடாவில் வாடகைக்கு வந்ததிலிருந்து இருவருக்கும் ஒரே ஷிஃப்ட்.

அன்று டை மாற்றி அடித்த முதல் துண்டு தேறவில்லை. அடுத்ததும் தேறாவிட்டால் ஜெபகுமாரை இரண்டாம் ஷிஃப்டுக்குத் தள்ளிவிடுவேன் என்றார் ஃபோர்மேன் கேசவன். கௌசிகா அவசரமாக, நகர்ந்த பக்கத்தைக் காட்டித் துண்டின் மேல் சாக்பீஸால் அம்பு போட்டுக் கொடுத்தாள். ஜெபகுமார் அந்தப் பக்கம் மேல் டையோரம் தகடு சொருகி, டையை இறுக்கி, அடுத்ததை அடித்தான்.

ஆறிய துண்டில் காலிப்பரை வைத்தாள். நகர்வு இரண்டு மடங்கு.

"இன்னா சொல்லுது?" என்றான் ஜெபகுமார்.

"கூடிப் போச்சு."

"அம்பு காட்டுன பக்கம்தானே வெச்சேன்?" பெயின்ட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். "சரி, சிவப்பு பூசு. எனக்காகப் பாக்காதே. வண்டியில போறவன் சாவக் கூடாது."

கழிக்க வேண்டிய துண்டுக்கான சிவப்பைப் பூசினாள். பிறகு முதல் துண்டை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். மேல் டையிலிருந்து மேல் முகத்தில் மட்டும் ஒரு அடையாளப் புள்ளி விழும். சூட்டில் படிந்த செதில் உதிர்ந்ததும் புள்ளி தெரிந்தது, அம்பு இல்லாத முகத்தில்.

நேரே கேசவனிடம் போனாள்.

"தப்பு என்னுது சார். மேல் முகம்னு நெனச்சு அடி முகத்துல அம்பு போட்டுட்டேன். அவரு திருப்பி வெச்சிப் பாக்கும்போது பக்கம் மாறிப் போச்சு."

"தேய்க்காம யாராவது அம்பு போடுவாங்களாம்மா?"

"அவருக்கு சீக்கிரம் குடுக்கணும்னு..."

"அப்ப நீ போ ரெண்டாம் ஷிஃப்டுக்கு."

பின்னாலேயே வந்திருந்த ஜெபகுமார், "அவ போனா நானும் போறேன் சார்" என்றான்.

"ரெண்டு பேரும் போய்ட்டா இங்க யாரு அடிப்பா, உன் மாமனாரா? போய்யா, தகட்டை மாத்தி வெச்சி அடி."

மூன்றாவது துண்டைத் தேய்த்து, புள்ளியைப் பார்த்து, சுற்றிச் சுற்றி அளந்தாள். பச்சை பூசினாள். கேசவன் காலிப்பரை வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

"சரே," என்றார் தெலுங்கில். "ரெண்டு பேரும் இங்கியே கிடங்க. இனிமே புருஷன் மூஞ்சியை வீட்ல போய் பாரும்மா."

ஜெபகுமார் சத்தமாகச் சிரித்தான். அவளுக்குத்தான் அழுகை வந்தது. குனிந்து அடுத்த துண்டைத் தேய்க்க ஆரம்பித்தாள்.