ஏழு நாள் கிடக்கும் பெரிய படம்

தீப்பிடித்த விடுதியின் படத்தை எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் யாரோ முழு அளவில் ஏற்றிவிட்டிருந்தார்கள். உரிமை நாளிதழுடையது. நியாயப் பயன்பாடு என்று அனுமதி கேட்காமலே கட்டுரையில் எடுத்தாளலாம். ஆனால் நானூறு பிக்சலுக்குச் சுருக்கித்தான் வைக்க வேண்டும். ஒன்பது வருஷமாகச் சம்பளமில்லாமல் நான் செய்யும் வேலை அதுதான்.

சுருக்கும் முன் பழக்கதோஷத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டத்தின் இடது ஓரத்தில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் ரொட்டிக்கடையின் பெயர் ஏப்ரனில் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவள் புருஷனுக்குத் தெரியாது. இரண்டு முறை அவள் கையை ஒடித்தவன். கையில் கிடைத்தால் அவளை உயிரோடு விடமாட்டேன் என்று எனக்கே சொல்லியனுப்பியவன். வெளியாட்களிடம் மட்டும் தேனொழுகப் பேசுவான்.

சுருக்கினேன். முகம் அரிசி அளவானது, கடைப்பெயர் வெறும் கறையானது. ஆனால் பழைய பெரிய படம் ஏழு நாள், பழைய பதிப்புகளைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆட்சேபம் சொல்ல அவகாசம் வேண்டுமாம். அந்த விதிக்காகச் சண்டை போட்டு ஜெயித்த மகராசி நான்தான்.

அழிக்கும் அதிகாரமுள்ள நிர்வாகிக்குப் போன் போட்டேன்.

"சார், அந்தப் பெரிய படத்தை இப்பவே அழிச்சிடுங்க."

"என்னம்மா, நீங்களே இப்படிக் கேக்கறீங்க?" என்று சிரித்தார். "காரணம் எழுதிப் போடுங்க, பாக்கறேன். அதுவும் உங்க விதிதானே?"

காரணக் கட்டத்தில் நான் இதுவரை பொய் எழுதியதில்லை. 'இடது ஓரம் நிற்கும் பெண்ணின் உயிருக்கு ஆபத்து' என்று அவசரமாகத் தட்டி அனுப்பினேன். பிறகுதான் உறைத்தது. அங்கே எழுதுவதை ஊரே படிக்கும்.

அதுவரை பெரிய படத்தைத் திறந்தவர்கள் மூன்று பேர். நிர்வாகி அழிப்பதற்குள் நானூற்றுப் பதினாறு பேர். அதில் ஒரு புண்ணியவான் அவளை மட்டும் வெட்டியெடுத்து, 'இவர் யார்?' என்று வேறெங்கோ போட்டுவிட்டான். ஏப்ரனோடு.

தங்கையின் போன் அணைந்திருந்தது. வேலை நேரத்தில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். கடை எண்ணுக்கு அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"என்னக்கா, இத்தனை தடவை அடிச்சிருக்க?"

"கடை போன் ஏண்டி எடுக்கவே இல்ல?"

"முதலாளியம்மா யார்கிட்டயோ பேசிட்டிருந்தாங்க. நான் எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சு கிளம்புவேன்னு கேட்டாராம், அவங்களும் சொல்லிட்டாங்களாம். ரொம்ப மரியாதையான மனுஷன்னு ஒரே புகழ்ச்சி. யாருக்கா அது?"



"ஏப்ரனைக் கழட்டிப் போட்டுட்டு இப்பவே கிளம்பு. வீட்டுக்குப் போகாத. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ."

அவள் பையை இழுத்தெடுக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருஷமா தெரியாத இடம். எப்படிக்கா கண்டுபிடிச்சான்?"

"நான்தாண்டி கைகாட்டி விட்டேன்," என்றேன்.