உப்புப் பார்க்கிறவன்

1

காலையில் எழுகிறேன். பால் காய்ச்சுகிறேன். மகளை எழுப்புகிறேன், அவள் எழுவதில்லை, மறுபடி எழுப்புகிறேன். எனக்குப் பின்னல் போடத் தெரியாது. ரப்பர் வளையம், குதிரைவால். அதற்குள் சமையலறையிலிருந்து மாமா கூப்பிடுவார். "மாப்பிள்ளை, உப்புப் பாருங்க." போய்ப் பார்க்கிறேன். "சரியா இருக்கு, மாமா" என்கிறேன்.

இந்தக் கதை அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்து வந்தது. அது பொய். மனைவி இறந்த நாளிலிருந்து என் நாக்குக்கு எதுவும் தெரிவதில்லை.

(அடுத்து ஓர் உவமை எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

2

வேறொரு தொடக்கம்: 'ஒரு குடும்பத்தின் ருசி என்பது தலைமுறை தலைமுறையாக' — இல்லை. இதை நீங்களே முடித்துவிடுவீர்கள். நான் எதற்கு?

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. பட்டறையில் லேத்தில் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர். அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை என்பதால் அந்த வீட்டில் அடுப்பு மாமாவுடையது. அவரிடமிருந்து என் மனைவிக்கு வந்தது ஒரு பருப்பு. வெங்காயத்தைத் தோலோடு நேராக நெருப்பில் போட்டுக் கருகவிட வேண்டும். உரித்து நசுக்கி, கொதிக்கும் பருப்பில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். கூடவே ஒரு விதி: சமைத்தவர் ருசி பார்க்கக் கூடாது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஏன் என்று கேட்டேன்.

"பட்டறையில நான் கடைஞ்ச சாமானை நானே அளந்து பாஸ் போட விடுவாங்களா? அளக்கறதுக்கு வேற ஆளு. கடைஞ்சவன் கண்ணு அவன் கைக்குத்தான் சாட்சி சொல்லும்."

"எங்கப்பா சமைக்கறதில்ல. உற்பத்தி பண்றார்" என்றாள் அவள்.

ஆக, எங்கள் வீட்டில் அவள் கை, நான் நாக்கு. எவ்வளவு உப்பு என்பது அவளுக்கு ஒருநாளும் தெரியாது. எனக்கு அதைத் தவிர எதுவும் தெரியாது.

3

மாமா என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் வரைவில் அவர் அழுதார். உண்மையில், எங்கள் வீட்டுக்கு வந்து, சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினார். பெண்ணைப் பறிகொடுத்தவர் வாஷர் மாற்றினார் என்றால் யார் நம்புவார்கள் என்று அழவிட்டிருந்தேன். இப்போது வாஷருக்கே திரும்பிவிட்டேன்.*

மகள் பாலில் நனைத்த ரொட்டியைத் தவிர எதையும் தொடுவதில்லை. மெலிந்துவிட்டாள். தினமும் மாமா பருப்பு வைப்பார். அவள் ஒரு வாய் வாங்கித் தட்டைத் தள்ளுவாள். "இது அம்மா செய்யறது இல்ல." மாமா என்னைப் பார்ப்பார். நான் தண்ணீர் குடிப்பேன்.

போன வாரம் ஒரு காலை.

"உப்புப் பாருங்க."

"சரியா இருக்கு, மாமா."

அடுப்பை அணைத்தார். "இன்னிக்கு உப்பே போடலை."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நேத்தும் போடலை."

"அப்பா பொய்யி!" என்றாள் மகள், மேசையிலிருந்து.

"பொய் இல்லம்மா. உங்கப்பாவோட அளவுகோல் பழுதாயிருக்கு." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேன். அத்தை அங்க தனியா கிடக்கா. பிள்ளை ரொட்டியைத் தின்னே வளருமா? நாக்கு போனா போகட்டும், மாப்பிள்ளை. கை இருக்கில்ல?"

உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தினார்.

* அந்தக் குழாய் இப்போது சொட்டுவதில்லை.

4

முடிவு, ஒன்று: வெங்காயம் கருகும் வாசனையில் என் நாக்கு திரும்பி வருகிறது. கண்ணீர். (சினிமா.)

முடிவு, இரண்டு: நாக்கு வரவில்லை. நானே சமைக்கிறேன். சமைத்தவன் பார்க்கக் கூடாது என்பதால் மகளைக் கூப்பிடுகிறேன். கரண்டியை நீட்டுகிறேன். அவள் ஊதுகிறாள், நாக்கு நுனியால் தொடுகிறாள், முகத்தை

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. இன்று திங்கள். மாமா நேற்றுப் போய்விட்டார். அடுப்பு மேடையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பருப்பு கொதிக்கிறது. குதிரைவால் ஒரு பக்கம் சரிந்தபடி அவள் வாசற்படியில் நிற்கிறாள். அவள் சொல்லப்போவதை நான் எழுதினால், மறுபடி "சரியா இருக்கு" என்றுதான் எழுதுவேன். அளக்க வேறு ஆள் வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள்.

5

மனைவியின் கடைசி வார்த்தைகள் என்று சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஒன்றில் என் பெயரை மட்டும் சொன்னாள். நல்ல வாக்கியங்கள். அவள் சொல்லாதவை.

அன்று மதியம் அலுவலக நாற்காலியிலேயே சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். சாப்பிட்டிருந்தாளா என்று தெரியாது.

அன்று காலை எல்லோருக்கும் அவசரம். நான் மகளோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். மனைவி கரண்டியை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் போடலாம் என்றேன். அவள் விரலெல்லாம் வெங்காயக் கரி. முழங்கையால் உப்பு ஜாடியை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நீயே போடு."