சுருளியின் காவி வேட்டி

செங்கல் சூளைக்காரர்களை உடுப்பை வைத்தே சொல்லிவிடலாம். முழங்காலுக்குக் கீழே செம்மண், மேலே சாம்பல். உசிலம்பட்டிக்குத் தெற்கே சூளை போட்டிருந்த சுருளி மட்டும் அதற்கு விலக்கு. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சூளைக்குள் போகும்போது வேட்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கோலத்தை மிதித்துவிடாமல் நடப்பவரைப் போல நடப்பார். துவைத்துத் தேய்ப்பது அவர் மனைவி அன்னக்கொடி. ஆனால் வெள்ளை வேட்டிக்கு உரிய பெயர் முழுவதும் ஊரில் சுருளிக்கே போய்ச் சேர்ந்தது.

முதலில் கருவேல விறகு வைத்துத்தான் சூளையை எரித்தார். விறகு கிடைப்பது அரிதானதும், தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரிக்கு மாறினார். அந்தக் கோடையில் ஒரு தரகர் புதுச் சரக்கோடு வந்தார். மற்றவர்கள் சொன்ன விலையைவிடக் குறைத்துச் சொன்னார். ஒரு கட்டியை உடைத்துக் காட்டினார். கறுப்புக்கு நடுவே மஞ்சளாகப் பொடிப்பொடியாக மின்னியது.

"என்னண்ணே பாக்குறீங்க? உசந்த சரக்குன்னா மின்னத்தான் செய்யும்" என்றார் தரகர்.

மின்னும் பொருளை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் சுருளிக்குக் கிடையாது. லாரிகள் வந்தன. திரும்புவதற்கு இடம் வசதியாக இருந்ததால், கிணற்றை ஒட்டிய மேட்டிலேயே கரியைக் கொட்டச் சொன்னார்.

"கெணத்தோரமா எதுக்குக் கொட்டுறீக?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"கரி என்ன, எந்திரிச்சு நடந்து போயிக் கெணத்துல விழுகவா போகுது?"

கேள்வி நன்றாக இருந்ததால் அவரே அதை ரசித்துச் சிரித்துக்கொண்டார்.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. ஒரு நாள் மழை விட்டு வெயில் முகம் காட்டியபோது, கல் சுமக்கும் முனீஸ்வரி ஓடி வந்தாள்.

"அண்ணே, கரி தானாப் புகையுது! யாரும் தீ வைக்கல!"

போய்ப் பார்த்தால், குவியலின் இடுப்பிலிருந்து நூல் நூலாகப் புகை வந்துகொண்டிருந்தது. தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த வாடை. முனீஸ்வரி அதற்குள் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டாள். முனி இறங்கியிருப்பதாக அவள் சொன்னாள். சுருளிக்கு முனியைவிட மோட்டார் மேல் நம்பிக்கை அதிகம். குழாயை இழுத்துக் குவியலின் மேல் தண்ணீர் அடிக்கச் சொன்னார். புகை அடங்கியது. அடித்த தண்ணீர் கொஞ்சம் பள்ளத்து ஓடைப் பக்கமும், கொஞ்சம் கிணற்றுப் பக்கமும் போனது. அது எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

மழை போகும்போது வேட்டிகளின் நிறத்தையும் கொண்டுபோனது. அன்னக்கொடி கிணற்றுத் தண்ணீரில் எல்லா வேட்டிகளையும் மொத்தமாக ஊறப்போட்டிருந்தாள். காலையில் பிழிந்தபோது வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. சோப்பின் மேல் சந்தேகப்பட்டு சோப்பை மாற்றினாள். சோப்பு நுரைக்கவே மறுத்தது. கோபத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டாள். மஞ்சளாக இருந்தது நன்றாகப் பழுத்து, ஆரஞ்சுக்கும் செங்கலுக்கும் நடுவில் ஒரு நிறமாக நிலைத்துவிட்டது.

"கட்டிக்கிருங்க. வேற இல்ல" என்றாள்.

புது வேட்டி வாங்கிவரலாம் என்று, அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு சுருளி டவுன் பஸ் ஏறினார். பஸ்ஸில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தார். முன்பு பஞ்சாயத்து உறுப்பினராக இருந்தவர். இப்போது பதவி இல்லை, விசாரிக்கும் வேலை மட்டும் மிச்சம்.

"என்ன சுருளி, காவி கட்டிருக்க?"

என் கிணறு கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கிணறு ஏன் கெட்டது என்ற கேள்வி அடுத்து வரும். கரி, புகை, தரகர் என்று எல்லாம் வெளியே வரும். பேருந்து முழுக்கக் காதுகள். சுருளி தொண்டையைச் செருமினார்.

"திருச்செந்தூருக்கு ஒரு வேண்டுதல். ஒரு மண்டலம் வெரதம்."

அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ எழுந்து, "சாமி, இங்கிட்டு உக்காருங்க" என்று இடம் கொடுத்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் நெற்றியில் திருநீறு பூசச் சொன்னாள். சட்டைப்பையில் திருநீறு இல்லாததால் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். இத்தனைக்கும் பிறகு கடையில் போய் வெள்ளை வேட்டி எடுத்தால் நன்றாக இருக்குமா? உசிலம்பட்டியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

விரதச் செய்தி செல்போனில் அவரை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தது. அன்னக்கொடி வாசலில் நின்றாள். சோப்பு போட்டவள் அவள், பிளீச்சிங் போட்டவளும் அவள்தான். வேட்டியின் பக்திக்கு என்ன காரணம் என்று அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"சும்மா வாயில வந்துருச்சு அன்னக்கொடி" என்றார் சுருளி.

"சாமி பேரச் சொல்லியாச்சு. இனி அதப் பொய்யாக்கக் கூடாது" என்று சொல்லி, வாணலியில் வதங்கிக்கொண்டிருந்த கோழியை இறக்கி முனீஸ்வரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அன்றிரவு அவருக்குப் பாயைத் தரையில் விரித்தாள். தலையணை கேட்டதற்கு, "வெரதத்துல தலகாணியா?" என்றாள். வாரக்கணக்கில் சுருளி புடலங்காயும் பூசணிக்காயும் தின்றார். கரிக் குவியலைப் பற்றி ஆரம்பத்திலேயே எச்சரித்ததை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. பூசணிக்காயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் ஆன்சி டீச்சர் சூளைக்கு வந்தார். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் வேதியியல் டீச்சர். விளாங்குடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கல் சுருளியுடையது. கையோடு ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அதன் உடம்பெல்லாம் தேமல் மாதிரி வெள்ளை பூத்திருந்தது.

"அண்ணே, கொத்தனார் இத வச்சா பூச்சு நிக்காதுங்கறாரு. போன தடவை கல்லு நல்லாத்தானே இருந்துச்சு?"

பதில் சொல்ல வாயெடுத்த சுருளியின் வேட்டியில் டீச்சரின் கண் போய் நின்றது.

"வெரதம்" என்றார் சுருளி, கேட்காமலேயே.

"நான் வேதக்காரி, உங்க வெரதம் எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா இந்தக் கலர் தெரியும். எங்க லேப்ல இரும்பு சால்ட் கொட்டுன துணியெல்லாம் இப்படித்தான் இருக்கும். கரி எங்க வச்சிருக்கீங்க?"

குவியலைச் சுற்றி நடந்து, ஒரு கட்டியை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். அடிவாரத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் கைப்பையிலிருந்து எடுத்த நீல லிட்மஸ் தாளை நனைத்தார். தாள் சட்டென்று சிவந்தது. பிறகு கிணற்றுத் தண்ணீரிலும் நனைத்தார். அதுவும் சிவந்தது, கொஞ்சம் தயங்கி.

"இந்த மின்னுறது இரும்பும் கந்தகமும் சேந்ததுண்ணே. பைரைட்னு பேரு. மண்ணுக்குள்ள இருக்கறவரைக்கும் அது பாட்டுக்குத் தூங்கும். வெளிய கொண்டாந்து மழையும் காத்தும் பட்டா, கந்தகம் அமிலமாகும், இரும்பு துருவாகும். அப்ப சூடும் கெளம்பும். அதான் தானாப் புகையுது. அமிலம் கெணத்துக்குப் போயிருச்சு. துரு உங்க இடுப்புக்கு வந்துருச்சு."

"எரிச்சுட்டா தீந்துரும்ல டீச்சரம்மா?"

"எரிச்சா புகையோட மேல போகும். கொஞ்சம் கல்லுலயே தங்கி இப்படி வெள்ளையாப் பூக்கும். மேல போனது எங்கயாவது இறங்கத்தானே செய்யும்? யாரு வயலோ, யாரு மூச்சோ."

சுருளி சுற்றுமுற்றும் பார்த்தார். முனீஸ்வரி தூரத்தில் இருந்தாள்.

"கல்ல மாத்தித் தாரேன் டீச்சர். இதை மட்டும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. ஊருல நம்மள சாமின்னு கூப்புடுறாங்க."

டீச்சர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "நான் சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி சொல்லிருமே" என்றார்.

தண்ணீர் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஓடையில் இறங்கிப் பாண்டியராஜனின் குட்டைக்குப் போய்ச் சொல்லியிருந்தது. பாண்டியராஜன் அன்னக்கொடியின் தம்பி. பள்ளத்துக் காட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவன். அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை குலசாமிக்குக் கிடா வெட்டினான். மச்சான் கட்டாயம் வர வேண்டும் என்று நேரில் வந்து அழைத்தான்.

"நான் வெரதத்துல இருக்கேன் மாப்ள."

"தெரியும் மச்சான். சாமி மாதிரி ஒருத்தர் பந்தியில உக்காந்தாலே போதும், எங்களுக்குப் புண்ணியம்."

பந்தியின் நடுவில் சுருளியை உட்காரவைத்தான். இந்தப் பக்கம் இலையில் கறிக்குழம்பு, அந்தப் பக்கம் இலையில் ஈரல் வறுவல். சுருளி இலையில் தயிர்ச்சோறு, ஒரு துண்டு ஊறுகாய். வாளியைத் தூக்கிக்கொண்டு வரும் ஒவ்வொரு தடவையும் பாண்டியராஜன் மச்சான் இலைக்கு முன்னால் நின்று, "அடடா, மறந்துட்டேன். சாமிக்குத் தயிர்" என்று நகர்ந்தான். எலும்பை உறிஞ்சும் சத்தம் இரண்டு காதிலும் கேட்டது. சுருளி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

தொட்டித் தண்ணீர் தீர்ந்திருந்ததால், கை கழுவக் குட்டைக்கு இறங்கினார். கரையோரச் சேறு அவர் வேட்டியின் நிறத்தில் இருந்தது. குனிந்து கையை விட்டவர், எடுத்துவிட்டார். விரல் நீளத்துக் கெண்டைகள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு ஓரம் முழுக்க ஒதுங்கிக் கிடந்தன. அவருக்குப் பின்னால் ஒரு பசு தண்ணீர் தேடி வந்தது. மூக்கைக் கொண்டுபோய் மோந்து, உதட்டைச் சுழித்து, திரும்பிப் போனது. பசுவின் விலா எலும்பு தெரிந்தது. இதை எத்தனை நாளாக இது செய்கிறதோ என்று நினைத்தவர், கை கழுவாமலே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, பாண்டியராஜன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாப்ள, நான் வெரதமே இல்ல."

"தெரியும் மச்சான்."

"எப்பருந்து தெரியும்?"

"நீங்க பஸ்ஸு ஏறுறதுக்கு முந்தியே. எங்க மாட்டுத் தொட்டியும் அதே கலருலதான் காவி கட்டியிருக்கு. அதுக்கு என்ன வேண்டுதலா?"

"தெரிஞ்சும் ஏன்யா வந்து கேக்கல?"

பாண்டியராஜன் ஒரு கல்லை எடுத்துக் குட்டையில் போடப்போய், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"கேட்டா சண்டை வரும். நீங்க ஒண்ணு சொல்வீக, நான் ரெண்டு சொல்வேன். நடுவுல அக்கா நிக்கணும். பந்தியில வச்சுச் சிரிச்சா நீங்களே சொல்லிருவீகன்னு பாத்தேன். தயிர்ச்சோத்துக்கு இம்புட்டு நேரம் தாக்குப்பிடிப்பீகன்னு நெனைக்கல."

சுருளிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மச்சினனின் தோளில் கையைப் போட்டார். பிறகு இருவரும் எழுந்து பந்திக்குப் போனார்கள். சுருளி எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். ஜெயக்கொடிக்கு அன்று கறி சாப்பிட்டதைவிட அதைக் கேட்டதில்தான் வயிறு நிறைந்தது. சொல்லிமுடித்த சுருளி கறி வாளியைப் பார்த்தார். அன்னக்கொடி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"மனுசங்ககிட்ட ஒத்துக்கிட்டீக, சரி. முருகனுக்குச் சொன்னது அப்படியேதான் இருக்கு."

எனவே அவர் திருச்செந்தூர் போய் முடி இறக்கி வந்த பிறகே வீட்டில் கறி வெந்தது.

அதற்கு முன்பே கரியைக் கிணற்றடியிலிருந்து அப்புறப்படுத்தினார். சிமெண்ட் தளம் போட்டு, சுற்றிலும் கரை கட்டி, மழை படாமல் தார்ப்பாய் மூடினார். ஆன்சி டீச்சர் சொன்னபடி, அமிலத்தை முறிக்க ஓடை வாயில் சுண்ணாம்புக் கல் கொட்டினார். தரகர் போனை எடுக்கவே இல்லை. பக்கத்து ஊர்ச் சூளைக்காரர் ஒருவர் மிச்சக் கரியைக் கேட்டு வந்தார். சுருளிக்குக் கொஞ்சம் ஆசை வந்தது. "அவுக கெணத்தையும் காவி கட்டவைக்கப் போறீகளா?" என்று அன்னக்கொடி கேட்டதும், வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். தூத்துக்குடியில் அடுத்த சரக்கு எடுக்கப் போனபோது, கந்தகம் எம்புட்டு இருக்கு, சோதனைச் சீட்டைக் காட்டு என்று கேட்டார். "செங்கல் சுடுறவுக இதெல்லாம் கேக்குறதில்லையேண்ணே" என்று அங்கே இருந்தவன் சிரித்தான். சுருளியும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் சீட்டை வாங்காமல் நகரவில்லை.

கிணறு மெதுவாகத்தான் தேறியது. குட்டை அதைவிட மெதுவாக. அந்தக் கோடை முழுக்க, சுருளி டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியை மாட்டி, ரோட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டுபோய் மச்சினன் மாடுகளுக்கு ஊற்றினார். ஆளை அனுப்பலாம். அனுப்பவில்லை. நாளாக நாளாக, டிராக்டர் திருப்பத்தில் வரும்போதே மாடுகள் கத்த ஆரம்பித்தன. காலையில் பால் கறக்க உட்கார்ந்தால் ஒரு மாடு மட்டும் நிற்காமல் ரோட்டையே பார்த்தது.

"மச்சான், எங்க மாடு என்னைய மதிக்க மாட்டேங்குது. உங்களத்தான் தேடுது" என்று பாண்டியராஜன் முறையிட்டான்.

"அதுக்கு ஆளத் தெரியுது மாப்ள" என்று சொல்லிக்கொண்டே சுருளி குழாயைத் திறந்துவிட்டார்.