சிவப்பு நாடாவுக்கு வலப்பக்கம்

ஆஸ்லோ அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் வாஃபிள் அப்பம் சுடும் வாசனை கிளம்பிவிட்டால் எந்த வாக்குவாதமும் நிலைத்து நிற்காது. அன்றும் அப்படித்தான் ஆயிற்று.

கணினித் திரையில் புரோகிராம்கள் வந்து உட்காரும் சாளரங்களைச் செய்து தரும் கம்பெனி அது. ஒரு சாளரம் எவ்வளவு அகலம், எங்கே உட்கார வேண்டும், மூடித் திறந்தால் பழைய இடத்துக்கே வர வேண்டுமா என்ற அமைப்புகளெல்லாம் மாரித் என்பவளின் பொறுப்பு. அதில் இடத்தை நினைவில் வைக்கும் அமைப்பையே தூக்கிவிட வேண்டும் என்று உடன் வேலை செய்யும் ஹோகன் ஒற்றைக்காலில் நின்றான்.

"எது எங்க உக்காரணும்னு கம்ப்யூட்டரே பாத்துக்கட்டும். இதைப் போய் யாரு கவனிக்கிறா?"

"வேண்டாதவங்க அணைச்சு வெச்சுக்கலாமே. எதுக்கு எடுக்கணும்?"

"உனக்குப் பழசு எதையும் தூக்கிப்போட மனசே வராது. வாஃபிள் ஆறுது மாரித், ஒரு தட்டு தட்டிட்டு வா."

இரண்டு பேர் சம்மதித்தால்தான் எந்த மாற்றமும் உள்ளே போகும் என்பது அங்கே விதி. இரண்டாவது சம்மதம் அவளுடையது. மாற்றத்தைச் சோதித்துப் பார்க்காமலே தட்டிவிட்டு எழுந்து போனாள். உலகத்தின் பாதி முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன, யாருக்காவது பசிக்கும்போது.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. தாங்கள் செய்வதை முதலில் தங்கள் வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். அன்று மாலையே புதிய பதிப்பு மாரித் வீட்டுக் கணினியில் ஏறிவிட்டது.

அவள் கணவன் ஐரிக்குக்குப் போன இலையுதிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவன் மூளைக்கு மறந்துபோயிற்று. தட்டில் இடப்பக்கத்து உருளைக்கிழங்கு அப்படியே கிடக்கும். மாரித் தட்டைத் திருப்பி வைத்தால், "இது எப்ப வந்துச்சு?" என்று ஆச்சரியப்பட்டுச் சாப்பிடுவான். பள்ளிக்கூடப் பேண்டு வாத்தியக் குழுவுக்கு இசை எழுதுவதுதான் அவனுக்கு உயிர். சிகிச்சை கொடுத்த பெண் திரையின் நடுவில் ஒரு சிவப்பு நாடா ஒட்டி, இசை எழுதும் சாளரத்தை அதற்கு வலப்பக்கமாக நகர்த்தி வைத்திருந்தாள். தினமும் அது அங்கேயே வந்து நிற்கும். அவனும் எழுதுவான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரித் வீட்டுக்கு வந்தபோது ஐரிக் கணினி முன்னால் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பேண்டுக்காரங்ககிட்ட சொல்லிடு. மே பதினேழு தேசிய தின ஊர்வலத்துக்கு இந்த வருஷம் வேற யாராவது எழுதட்டும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"புரோகிராமைத் திறந்தா மணி அடிக்குது, ஆனா ஒண்ணுமே வரல. மத்ததெல்லாம் தெரியுது, அது மட்டும் தெரியல. மூளையில இன்னும் கொஞ்சம் போயிடுச்சுபோல."

"எப்பலேர்ந்து?"

"இந்த வாரம் முழுக்க. சொன்னா திரும்பவும் ஆஸ்பத்திரில படுக்க வெச்சுடுவாங்க."

மாரித் எட்டிப் பார்த்தாள். சாளரம் நாடாவுக்கு இடப்பக்கம், மூலையில், ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது.

"உன் மூளைக்கு ஒண்ணுமில்ல. நாங்க செஞ்ச வேலை இது. புரோகிராம் திறந்துதான் இருக்கு, இடப்பக்கமா போயிடுச்சு. நான்தான் சரின்னு தட்டினேன்."

"அப்ப எனக்கு இன்னொரு தடவ வரலையா?"

"வரல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"ஒரு வாரமா நான் செத்துச் செத்துப் பொழச்சிருக்கேன். பாக்காமகூடவா தட்டின? அப்படி என்ன அவசரம்?"

"வாஃபிள் ஆறிட்டிருந்துச்சு."

"எத்தன தின்ன?"

"ரெண்டு," என்றாள் மாரித். பொய் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைக்குமேல் உடன் வேலை செய்பவரைக் கூப்பிடுவது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். மாரித் கூப்பிட்டாள். ஹோகன் மலைக் குடிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தான்.

"யாரு செத்துட்டாங்க?" என்றான் எடுத்தவுடன்.

"யாரும் சாகல. போன வாரம் குடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கறேன்."

"அம்மா தாயே, திங்கக்கிழமை பேசலாமே!"

அலுவலகத்தில் இதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னாள். நாடா, உருளைக்கிழங்கு, இந்த ஒரு வாரம், எல்லாம். "நம்ம பதிப்பை இன்னும் எத்தன பேரு வீட்ல ஓட்டறாங்களோ. திங்கக்கிழமை வரைக்கும் இன்னொருத்தன் தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா, ஹோகன்?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஹோகனுக்கு வரவில்லை. ஆனாலும் கார் வேகம் குறையும் சத்தம் கேட்டது.

"வண்டிய ஓரமா நிறுத்தறேன். லேப்டாப் பின்சீட்லதான் இருக்கு, இப்பவே பழையபடி மாத்திடறேன்," என்றான்.

மாரித் பழைய பதிப்பை ஏற்றி, சாளரத்தை நாடாவுக்கு வலப்பக்கம் இழுத்து வைத்தாள். ஐரிக் அதை மூடினான், திறந்தான். மணி அடித்தது, விட்ட இடத்திலேயே வந்து நின்றது. மறுபடி மூடினான்.

"போதும், சாப்பிட வா."

"இரு, இன்னும் ஒரே ஒரு தடவ," என்று திறந்தான்.