மாக்கம் ரோட்டுக்கு வந்த பொலிஸ் நிலையம்

தான் தோற்கப்போவதில் குலசிங்கத்துக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அன்று காலை தன் குளிர் ஜக்கெற்றையே மச்சான் செல்வரட்ணத்துக்குக் கொடுத்துவிட்டான்.

“ஊர் வெயிலுக்கு உது எனக்கென்னத்துக்கு? நீ போடு.”

செல்வரட்ணம் கண்ணைத் துடைத்தான். துடைத்த கையோடு ஜக்கெற் சிப்பையும் கழுத்துவரை இழுத்துப் பூட்டினான்.

1986ஆம் ஆண்டு மாசி மாதம். குலசிங்கம், மனைவி சந்திரவதனா, அவள் தம்பி செல்வரட்ணம் மூவரும் மல்வேர்னில் பஸ் ஏறி, ரொறன்ரோ நீதிமன்றத்துக்குப் போனார்கள். குலசிங்கத்தின் பையில் இரண்டு சேட்டும் ஒரு சாரமும் இருந்தன. ஊரில் பஸ் ஒன்றை எரித்துவிட்டு ஓடி வந்தவனென்று இலங்கை அரசு அவனைத் திருப்பிக் கேட்டிருந்தது. கேட்டால் ஆளைப் பிடித்துக் கொடுப்பதென்று இரண்டு நாட்டுக்கும் ஓர் ஏற்பாடு.

“அடுப்பு மூட்டத் தெரியாத மனுசன் பஸ் கொளுத்தினவராம்,” என்றாள் சந்திரவதனா. “நீதவானிட்டை இதைச் சொல்லுங்கோவன்.”

சொல்லி என்ன பயன்? ஊர்ப் பொலிஸ் நிலையத்தில், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அவன் கையெழுத்து வைத்திருந்தான். அதை அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வைக்காவிட்டால் என்ன நடக்குமென்று மட்டும் நன்றாகத் தெரியும். பிணையில் விட்டதும் நாட்டை விட்டவன். ‘அந்தக் கையெழுத்து இங்கே செல்லாது’ என்று அவனுடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். காசு வாங்குகிற மனிதர் வேறெப்படிச் சொல்வார் என்று குலசிங்கம் அதைக் காதில் போடவில்லை.

நீதவான் தடிமன் பிடித்த வெள்ளைக்காரக் கிழவர். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகிய அப்பாவி முகத்தைக் குலசிங்கம் அவருக்குக் காட்டினான். அவரோ மூக்கைச் சிந்திவிட்டு, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீட்டிய வாக்குமூலத்தையே பார்த்தார். பிறகு பேசினார். பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் கிளடிஸ் அக்கா அதைத் தமிழில் சொன்னார்.

“இந்தப் பொலிஸ் நிலையம் இஞ்சை மாக்கம் ரோட்டிலை இருக்கெண்டு வைப்பமாம். அங்கை ஒருத்தரைப் பூட்டி வைச்சு இப்பிடிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அவர் தானா விரும்பித்தான் வைச்சவரெண்டு காட்டுங்கோ எண்டு தான் பொலிஸிட்டைக் கேப்பாராம். இவருக்கு மட்டும் ஏன் கேக்காமல் விடவேணுமெண்டு கேக்கிறார்.”

குலசிங்கம் கண்ணை மூடினான். மஞ்சள் சுவரும் இரும்புக் கதவுமாய் அந்த நிலையம் அப்படியே பெயர்ந்து வந்து, மாக்கம் ரோட்டில் டோனட் கடைக்கும் கார் கழுவுகிற இடத்துக்கும் நடுவில் குந்தியிருப்பதைக் கண்டான். கூரையெல்லாம் பனி. அவன் தண்ணீர் கேட்டு அழுத அந்த அறைக்குள், மூக்குச் சிந்திய கைலேஞ்சியும் கையுமாக இந்தக் கிழவர் நுழைகிறார். ‘இங்கே என்ன நடந்தது?’ என்று கேட்கிறார். அவ்வளவு பெரிய இரும்புக் கதவு அவருக்கு மறிக்காமல் திறந்துகொள்கிறது.

எதிர்த்தரப்பிடம் அதற்குச் சாட்சி இல்லை. வேறு ஆதாரமும் இல்லை. கிழவர் இரண்டு வசனம் சொன்னார்.

“விடச் சொல்லிப்போட்டார், தம்பி.”

“நான் செய்யேல்லையெண்டு அவருக்கு விளங்கிட்டுதோ, அக்கா?”

“இல்லை. செய்தனீரோ இல்லையோ தனக்குத் தெரியாதாம். உம்மை அனுப்ப உவை காட்டினது காணாதாம்.”

“அப்ப என்னை அவர் நம்பேல்லையோ?”

“எழும்பும் தம்பி, அடுத்த கேஸ் வருகுது.”

இதுவரை அவனைக் காப்பாற்றியவர்களெல்லாம் அவனைத் தெரிந்தவர்கள். தலைமையாசிரியர் சொல்லுவார், மாமாவின் கூட்டாளி கதைப்பார். இந்த மனிதருக்கோ அவனைத் தெரியாது. அந்த அப்பாவி முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. குலசிங்கம் கைகூப்பினான். கிழவர் தும்மினார்.

வெளியே பனி கொட்டியது. சேட்டோடு நின்ற அத்தானைச் செல்வரட்ணம் கவலையோடு பார்த்தான்.

“கழட்டு மச்சான்.”

“நீங்கள் தந்ததெல்லோ, அத்தான்?”

“நானா விரும்பித்தான் தந்தனானெண்டு காட்டு, பாப்பம்.”

“அக்கா, நீ பாத்துக்கொண்டுதானே நிண்டனி, சொல்லு!”

“நான் ஒண்டும் காணேல்லை,” என்றாள் சந்திரவதனா, அழுகையும் சிரிப்புமாக. சிப் மெல்லக் கீழே இறங்கியது.

திரும்பும்போது பஸ் மாக்கம் ரோட்டில் ஏறியது. டோனட் கடை தாண்டியதும் குலசிங்கம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். வெறும் நிலம். அதன்மேல் ஒருவரும் மிதிக்காத பனி.