கடிகாரத்துக்கு அடியில் ஒரு மாதம்

கிர்கிஸ் நாட்டின் நாரின் நகர மின்விநியோக அறையில் நானும் கனிகேயும் இன்னும் இருவரும் முறை மாற்றி வேலை பார்த்தோம். ஒரு நாள் முழுக்க வேலை, மூன்று நாள் ஓய்வு. இப்படி வாழ்பவர்களுக்குக் கிழமையே மறந்துபோகும்.

அங்கிருந்த பழைய கணினி மணியை மட்டும்தான் காட்டும். எந்த ஊரில் மின்சாரம் போனாலும் தேதியையும் சேர்த்துப் பதிய வேண்டும். சந்தையில் கணினி பழுதுபார்க்கும் மார்லென் நாங்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, தானே எழுதிய ஒரு குட்டி நிரலைப் போட்டுத் தந்தான். திரையின் மூலையில் இருக்கும் மணியைச் சொடுக்கினால், அதற்கு அடியில் ஒரு மாதம் விரியும். மாதங்களுக்கு எங்கள் பழைய கிர்கிஸ் பெயர்கள்: கலைமானின் மாதம், காட்டுக்கடாவின் மாதம், மலையாட்டின் மாதம்.

கனிகேய் சும்மா இருக்கும்போதெல்லாம் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "மாசத்தையெல்லாம் மலையில மேய விட்டிருக்கான் பாரு" என்பாள். மார்லென் வந்தால் மட்டும், "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கே, கண்ணாடி நீ வாங்கித் தருவியா?" என்று சீண்டுவாள். அவன் காது சிவந்துவிடும்.

ஜூலையில் அவளுடைய பெரியப்பா மகன் எர்மெக்கிடமிருந்து சேதி வந்தது. அவன் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமை சோங்-கோல் ஏரிக்கரையில், குழந்தையின் காலில் கயிறு கட்டி அறுக்கும் விழா. கனிகேய் மாதத்தைத் திறந்து, அந்த வார வரிசையில் ஆறாவது கட்டத்தை எண்ணித் தேதியைக் குறித்துக்கொண்டாள். அந்தத் தேதி வந்ததும், விடியற்காலையில் வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஏரிப்பக்கம் போகும் லாரியில் ஏறிப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு மார்லென் வந்தான்.

"கனிகேய் இல்லையா?"

"விழாவுக்குப் போயாச்சு. இன்னிக்குச் சனிக்கிழமையில்ல?"

"இன்னிக்கு வெள்ளி, எஜே."

எஜே என்றால் அக்கா. அவன் திரையில் மாதத்தைத் திறந்து பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டான். இடம் போதாதென்று கிழமைகளின் பெயரை எழுதாமல் விட்டிருந்தான். முதல் கட்டம் ஞாயிறு. நாங்களோ வாரத்தைத் திங்களில் தொடங்குகிறவர்கள். கனிகேய் சனி என்று எண்ணிய ஆறாவது கட்டம் உண்மையில் வெள்ளி.

"போன் பண்ணிப் பாரேன்" என்றேன்.

"ஏரிக்கரையில எந்த போன் எடுக்கும்?" என்றபடியே காருக்கு ஓடினான்.

பிறகு நடந்தது கனிகேய் சொல்லித் தெரியும். லாரி அவளை இறக்கிவிட்டுப் போனபின் கரையில் யாருமே இல்லை. தண்ணீர்மேல் பனிமூட்டம். தூரத்தில் குதிரைகள் கால் தெரியாமல் மிதந்து நின்றன. பயமே வரவில்லையாம். யாரோ ஒரு நாளைக் கணக்கில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்து, அதற்குள் தன்னை இறக்கிவிட்டதுபோல் இருந்ததாம். தண்ணீரில் கால் நனைத்தாள். புல்லில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது பத்தடி தள்ளி மார்லென், தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்தான்.

"நீ எங்கடா இங்க?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. தப்பு என்மேலதான். சொல்லிட்டு, உங்களைத் திரும்பக் கூட்டிட்டுப் போகலாம்னு..."

"அப்ப எழுப்பியிருக்கலாமே?"

அவன் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளை நீட்டினான். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே தின்றாள். திரும்பிப் போகும் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. பனி விலகி, தண்ணீர் ஒரு நேரம் பச்சையாகவும் ஒரு நேரம் வெள்ளியாகவும் மாறியது.

"அந்த மாசத்த எங்க ஆபீசுக்கு மட்டும் ஏன் போட்டுக் குடுத்தே?" என்று கேட்டாள்.

"ஆபீசுக்கு இல்ல. உனக்கு."

அதுவரை அவன் அவளை 'நீங்க' என்றுதான் அழைத்திருந்தான்.

சாயங்காலம் எர்மெக் கூடாரக் கழிகளோடு லாரியில் வந்து இறங்கினான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"விழா நாளைக்குத்தானே? ரெண்டு பேரும் இன்னிக்கே வந்து எந்த விழாவ நடத்திட்டிருக்கீங்க?"

"ஆளுங்க பத்தாதுன்னு உதவிக்கு வந்தோம் அண்ணா. பேசாம கழிய எடுங்க" என்றாள் கனிகேய்.

மறுநாள் கயிற்றை அறுத்ததும் குழந்தை கூட்டத்தை விட்டுத் தண்ணீரை நோக்கி ஓடியது. மார்லென் முழங்கால்வரை இறங்கி அதைத் தூக்கி வந்தான். எர்மெக்கின் மனைவி அவனுக்கு ஒரு கிண்ணம் குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்து, கனிகேய்க்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவன் உட்கார்ந்தான்.